306 திருட்டு வழக்கு: வெளிமாநிலப் பையனுக்கு நன்னடத்தைப் பத்திரம் கிடைக்குமா?

நொய்யல்கரை:
திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி பண்டல் எடுத்ததா ஒடிசாப் பையன் மேல வழக்குங்க. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) 306, அதாவது முதலாளி பொருளை வேலையாள் திருடறது. வயசு 20, முன்வழக்கு இல்லை. லைன் வீட்டில் குடியிருப்பு, வாடகை ஒப்பந்தம் கிடையாது. குற்றவாளின்னு முடிவானா, சிறைக்கு அனுப்பாம கண்டிச்சோ, ஒழுங்கா நடந்துக்கறேன்னு பத்திரம் வாங்கிட்டோ விடற 1958 நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்கலாமா? சட்டத்தில் எதைத் திருத்தினா இந்த மாதிரி ஆளுகளுக்கு உதவும்?

பவானி வக்கீல்:
தாராளமாக் கேட்கலாமுங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்து 381தான் இப்போ 306. நன்னடத்தைச் சட்டத்தோட 3-வது பிரிவு பேர் சொல்லிக் குறிப்பிடற குற்றங்கள்ல 381-ம் ஒண்ணு, அதனால கண்டிச்சே விட்டுடலாம். இல்லைன்னா 4-வது பிரிவில் பத்திரம், அதிகபட்சம் 3 வருஷம்.

முகவரி இல்லைன்னு பல பேர் மனுவே போடறதில்லை. அது தப்பு. நிலையான இருப்பிடம் இல்லாட்டி முறையான தொழில் இருந்தாப் போதும். அதுவும் பையனுக்கு இல்லாட்டி ஜாமீன்தாரருக்கு இருக்கலாம். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், லைன் வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற வரி ரசீது எல்லாத்தையும் மனுவோட வையுங்க.

கோபி சீனியர்:
வயசை விட்டுட்டீங்களே. 21-க்குக் கீழ இருந்தா 6-வது பிரிவுப்படி நன்னடத்தை அலுவலர் அறிக்கையைக் கோர்ட் கேட்டே ஆகணும். சிறைக்கு அனுப்பினா காரணம் எழுதணும். ஆனா குற்றம் நடந்த நாள் வயசு கணக்கில்லை, விசாரணைக் கோர்ட் தண்டனையை முடிவு பண்ற நாள் வயசுதான் (ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 1963). சும்மா வாய்தா வாங்கிட்டே இருந்தா 21 தாண்டிடும், அந்தப் பாதுகாப்பும் போயிடும். பள்ளிச் சான்றிதழை இப்பவே வரவழைங்க. அலுவலர் சொந்த ஊருக்கு எழுதி விசாரிச்சா மாசக்கணக்கில் இழுக்கும். குடும்பத்தோட ஃபோன் எண், ஊராட்சிக் கடிதம் நீங்களே கொடுத்துடுங்க.

காங்கேயத்தான்:
திருத்தம்னா முதல்ல 9-வது பிரிவு. நிபந்தனையை முதல் தடவை மீறினா அபராதம் 50 ரூபாய் வரைக்கும். 1958 தொகை அப்படியே நிக்குது, இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கே பத்தாது. அதை விட்டா மூலக் குற்றத்துக்கே தண்டனை. நடுவில் ஒரு படி வேணும், அங்க சமூக சேவையை வைக்கலாம்.

இன்னொரு கோணலும் இருக்குங்க. பி.என்.எஸ். 303(2)-ல், அதாவது சாதாரணத் திருட்டுப் பிரிவில், 5000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்கு, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தா, சமூக சேவை உண்டு. 306-ல் அது இல்லை. ஆயிரம் ரூபாய்த் துணியை வேலையாள் எடுத்தா ஒரு சட்டம், வெளியாள் எடுத்தா ஒரு சட்டம்! எத்தனை மணி நேரம் சேவைன்னும் சட்டத்தில் எழுதலை.

பவானி வக்கீல்:
அதுக்கெல்லாம் பாராளுமன்றம் மனசு வைக்கணும். இந்தப் பையனுக்கு இப்போ கைகொடுக்கிறது நன்னடத்தைச் சட்டத்து 11-வது பிரிவு: கீழ்க்கோர்ட் மறுத்தாலும் மேல்முறையீட்டில் செஷன்ஸ் கோர்ட்டே விடலாம். மனுவில் அதைத் தனிக் கோரிக்கையா எழுதுங்க.