மறுமொழி: என்தியோஜென் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘அருளூட்டி’ என்று வைக்கலாமே. சுவையூட்டி, நிறமூட்டி போல.

அன்புள்ள ஐயா,

வழிபாட்டில் மனநிலையை மாற்றுவதற்காக உட்கொள்ளும் செடி, காளான் போன்றவற்றைத்தான் ஆங்கிலத்தில் என்தியோஜென் (entheogen) என்கிறார்கள். நீங்கள் சொன்ன ‘அருளூட்டி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் போட்டுப் பார்த்தேன், உட்கார மறுக்கிறது.

கட்டுரை பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துச் சேவன் ஷரீஃப் பற்றியது. 1274இல் மறைந்த சூஃபி ஞானி லால் ஷாபாஸ் கலந்தரின் தர்கா இருக்கும் ஊர். மாலைத் தொழுகை முடிந்ததும் நகரா என்ற பெருமுரசு முழங்கும், தமால் என்ற பரவச ஆட்டம் தொடங்கும். மலங்குகள் எனப்படும் பக்கிரிகளில் சிலர் கஞ்சா இலையைப் பாதாம், கசகசா, மிளகோடு கல்குழியில் போட்டு அரைத்துத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். அரைக்கும் நீளத்தடியில் சலங்கை கட்டியிருக்கும். கை சுழலச் சுழலச் சலங்கையும் ஒலிக்கும். அவர்களுக்கு அரைப்பதே வழிபாட்டில் சேர்ந்ததுதான்.

அதே தர்காவுக்கு வருகிற மற்ற பலர் இதைத் தொடமாட்டார்கள். மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஹராம், அதாவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது, என்பவர்கள். 1328இல் மறைந்த மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா மிகக் கடுமையாகவே கண்டித்தார். இன்னொன்று, தமிழ் முஸ்லிம்கள் ‘அளவற்ற அருளாளன்’ என்று இறைவனைச் சொல்கிறார்கள். நாம் போய் ஓர் இலைக்கு ‘அருளூட்டி’ என்று பெயர் வைத்தால், அருளை அந்த இலை தருகிறது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். மூலச்சொல்லிலும் இதே கோளாறு உண்டு. 1979இல் கிரேக்க வேர்களிலிருந்து அதை உருவாக்கியவர்கள் ‘உள்ளே தெய்வத்தைத் தோற்றுவிப்பது’ என்ற பொருளில்தான் வைத்தார்கள். சரி, ‘போதைப்பொருள்’ என்று போடலாமா? அது காவல்நிலையச் செய்தியின் சொல். எதிர்ப்பக்கத் தீர்ப்பு.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். அரபியில் கஞ்சாவைக் குறிக்கும் ஹஷீஷ் என்ற சொல்லுக்கு முதற்பொருள் வெறும் புல், பூண்டு. சிந்திலும் பஞ்சாபிலும் ‘பூட்டி’ என்பார்கள், அதுவும் மூலிகைதான். ஈரானின் நிஷாப்பூர் மலைப்பக்கம் வாழ்ந்த ஹைதர் என்ற சூஃபி இதைக் கண்டெடுத்துச் சீடர்களிடம் ரகசியமாக வைக்கச் சொன்னதாக, கெய்ரோ வரலாற்றாசிரியர் மக்ரீஸி ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். துருக்கியில் கஞ்சாவுக்கு ‘எஸ்ரார்’ என்று பெயர். ரகசியங்கள் என்று பொருள். நம்மிடமும் கஞ்சாவுக்குச் சித்தர் கோரக்கரின் பெயரில் கோரக்கர்மூலி இருக்கிறது, சிவமூலி இருக்கிறது. அங்கே ஹைதர், இங்கே கோரக்கர்! பயன்படுத்தியவர்கள் ஒரு ஞானியின் பெயரைச் சேர்த்தோ சேர்க்காமலோ ‘மூலி’ என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: சடங்குமூலி. சடங்கில் பயன்படும் மூலி, அவ்வளவுதான். அருளா மருளா என்பதில் அது தலையிடாது. காளானையும் அடக்குமா என்று கேட்பீர்கள். சித்த மருத்துவர் கணக்கில் காளான் வராமல் போகலாம். ஆனால் கலைச்சொல்லாகும்போது பொருளைக் கொஞ்சம் விரித்துக்கொள்ள இடம் உண்டு. ‘சடங்கு’ என்பது வெறும் சம்பிரதாயமாகத் தொனிக்கிறது என்றால் ‘வழிபாட்டுமூலி’யும் எனக்குச் சம்மதமே.

இன்னொரு வேண்டுகோள். அரைத்த பானத்தைச் சிலர் ‘பாங்கு’ என்று எழுதுகிறார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாங்கு என்றால் தொழுகை அழைப்பு. தர்காவைப் பற்றிய கட்டுரையில் ‘பாங்கு முடிந்ததும் ஆடினார்கள்’ என்று வந்தால் வாசகர் என்ன நினைப்பார்? நம்மிடம் ‘பங்கி’ என்று கஞ்சாவுக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. அதையே எழுதப்போகிறேன்.

அன்புடன்.