மாருதி 800: போல்ட் எல்லாம் கழட்டியாச்சு, ஃப்ளைவீல் மட்டும் வரல

கேள்வி (சோழவந்தான்):
கார்புரேட்டர் மாருதி 800, 796 சிசி. தோப்புச் செட்டுல ரொம்ப வருஷமா ஓடாம நின்ன வண்டி. கிராங்க் (இன்ஜினோட சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் மாத்தணும். கியர்பாக்ஸ் இறக்கி, கிளட்ச் கவரும் பிளேட்டும் எடுத்து, கிராங்க் பின்முனையில இருக்கிற கனமான சக்கரம், அதான் ஃப்ளைவீல், அதோட போல்ட் எல்லாத்தையும் கழட்டியாச்சு. வீல் கிராங்கோட ஒட்டிக்கிட்டு அசையல. நடுவுல செந்துரு தெரியுது. இன்ஜின் பிளாக்ல லீவர் கொடுத்து நெம்பலாமாண்ணே?

பதில் (திருமங்கலம்):
நெம்ப வேணாம் தம்பி. வீல் ஓரத்துல இருக்கிற ரிங் கியர் (ஸ்டார்ட்டர் மாட்டுற பல் வளையம்) பல்லு தெறிக்கும். அதைவிட மோசம், கிராங்கையே பின்னாடி இழுக்கிறீங்க, பாரம் முழுக்க கிராங்க் முன்பின் நகராம தாங்குற த்ரஸ்ட் வாஷர் மேல விழும்.

முதல்ல எதிரெதிரா ரெண்டு போல்ட்டை நாலஞ்சு மரை மட்டும் பிடிக்கிற மாதிரி திரும்பப் போடுங்க. படக்குனு கழண்டா கால்ல விழாது. டீசலும் ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சரிபாதி கலந்து, காலியா இருக்கிற போல்ட் ஓட்டை வழியா சிரிஞ்சுல விடுங்க. துரு பிடிச்ச இடம் வீலும் கிராங்கும் சேர்ற ஒட்டு முகமும், வீலை இடம் மாறாம பிடிக்கிற டவல் பின்னும்தான், எண்ணெய் அங்க போய்ச் சேரணும். முன்பக்க புல்லி போல்ட்டைப் பிடிச்சு கிராங்கைக் கால் சுத்து திருப்பி மறுபடி விடுங்க. ராத்திரி ஊறட்டும். காலையில மரக்கட்டை வச்சு சுத்திச் சுத்தி நிதானமா தட்டுங்க. அதிர்ச்சிதான் துருவை உடைக்கும், பலம் இல்ல.

பதில் (மதுரை):
கேஸ் டார்ச் காட்டுனா உடனே வந்துருமே?

பதில் (திருமங்கலம்):
ரிங் கியரைச் சூடு பண்ணித்தான் வீல்ல ஏத்தியிருக்காங்க, டார்ச் பட்டா அது நழுவிரும். டீசல் ஊத்துன இடத்துல தீ வைக்கவும் கூடாது. அவசியம்னா எண்ணெயைச் சுத்தமா துடைச்சிட்டு நடுவுல மட்டும் ஹாட் ஏர் கன் காட்டலாம்.

கேள்வி (சோழவந்தான்):
மேல்பக்கம் அரை நூல் விலகிருச்சு. கீழ ஒட்டுனபடியே இருக்கு.

பதில் (திருமங்கலம்):
கோணிக்கிச்சு. இப்படியே இழுத்தா டவல் பின் இன்னும் இறுகும். மேல தட்டி முழுசா உள்ள உக்கார வச்சிட்டு, நேரா இழுக்கணும். வீல்ல மரை போட்ட காலி ஓட்டை ரெண்டு இருந்தா, அதுல போல்ட் விட்டு மாறி மாறி கால் சுத்தா முறுக்குங்க. இல்லன்னா 10 எம்எம் கனப் பட்டை இரும்புல கப்பலூர் சிட்கோ பக்கம் ஏதாவது லேத் பட்டறையில ரெண்டு பக்கமும் ஓட்டையும், நடுவுல ஒரு போல்ட்டுக்கு மரையும் போட்டு வாங்கி, எதிரெதிரா இருக்கிற கிளட்ச் கவர் மரையில மாட்டுங்க. நடு போல்ட் கிராங்க் முனையைத் தள்ளணும். பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டு நுனியைத் தாங்குற பேரிங்) வீல்லயே இருந்தா முதல்ல அதை எடுத்துருங்க, அதுமேல தள்ளுனா வீல் நகராது. கிராங்க் முனைக்கு ஒரு இரும்புத் துண்டு அணை கொடுங்க. இந்த முறையில இழுவை வீலுக்கும் கிராங்குக்கும் நடுவுலதான், த்ரஸ்ட் வாஷர் தப்பிக்கும். கவர் மரை சின்னது, விடாம முறுக்குனா பிய்ஞ்சிரும். கொஞ்சம் இறுக்கி, நடு போல்ட் தலையில ஒரு தட்டு, மறுபடி இறுக்கு.

கேள்வி (சோழவந்தான்):
நேரா வந்துருச்சுண்ணே! மாட்டும்போது என்ன பாக்கணும்?

பதில் (திருமங்கலம்):
டவல் பின் வளைஞ்சிருந்தா புதுசு போடுங்க. டைமிங் மார்க் (இக்னிஷன் நேரம் பாக்குற குறி) அந்த வீல்லதான் இருக்கு, பின் அதே ஓட்டையில உக்காரணும். ஒட்டு முகத்துல நைஸ் எமரி போதும், ஃபைல் போடாதீங்க, வீல் ஆடும். போல்ட் மரையைக் கழுவி லாக்டைட் (மரை கழராம பிடிக்கிற பசை) விட்டு, குறுக்கும் நெடுக்குமா, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்குங்க. கிளட்ச் பிளேட் உரசுற முகத்தை தின்னர்ல ரெண்டு தடவை துடைங்க. டீசல் சொட்டு இருந்தாலும் கிளட்ச் நழுவும்.