அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கிரியேட்டினின், 1.1

அம்மாவுக்கு வயது 68, எடை 44 கிலோ. சுகர், பிபி இரண்டுக்கும் பல வருடமாக மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வோம். கிரியேட்டினின் 1.1 என்று வரும், பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று போட்டிருக்கும். சரி, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று ஃபைலில் வைத்துவிடுவோம்.

போன வருடம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. இதய மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, "கிட்னியைப் பற்றி யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். நெஞ்சைக் காட்ட வந்த இடத்தில் கிட்னி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். தசை குறைந்த உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும். சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்துபோயிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே காட்டலாம். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். 2021 சூத்திரப்படி அம்மாவுக்கு 55. எனக்கும் கிரியேட்டினின் 1.1தான், ஆனால் 40 வயது ஆணான எனக்கு 87 வருகிறது! 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய். அம்மாவுக்கு இரண்டு வருடமாகவே அப்படி இருந்திருக்கிறது.

சாதாரண சிறுநீர்ச் சோதனையில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை என்றே வந்திருந்தது. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமான ஏசிஆர் பார்த்தபோது 90. அது 30க்குள் இருக்க வேண்டும். கிட்னியின் நுண்குழாய்களில் ஆல்புமின் கசிகிறதென்றால் மற்ற ரத்தக்குழாய்களின் உட்சுவரும் கெட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். கலிஃபோர்னியாவில் 11 லட்சம் பேரை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இறங்க இறங்க மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடிக்கொண்டே போயின. அம்மாவைப் போன்ற நிலையில் இருப்பவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட அதற்கு முன்பே இதயத்தால் இறக்கிறவர்கள்தான் அதிகமாம். அதைக் கேட்டபிறகு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பிபி மாத்திரையான டெல்மிசார்டன் அளவைக் கூட்டினார்கள். சுகர் மாத்திரையான எம்பாகிளிஃப்ளோசினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் சேர்த்தார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நாங்களே வாங்கிக் கொடுத்த டைக்ளோஃபெனாக்கை, கிட்னிக்கு ஆகாது என்று அன்றே நிறுத்தச் சொன்னார்கள். நான்கு மாதத்தில் ஏசிஆர் 40க்கு வந்திருக்கிறது. உங்கள் வீடுகளில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு நேர் எதிராக நடந்தது. வயது 31, தினமும் ஜிம், கிரியேட்டின் பவுடர், இரண்டு வேளை சிக்கன். கிரியேட்டினின் 1.4, ஈஜிஎஃப்ஆர் 69. பயந்தே போனேன். மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. அதில் கணக்கிட்டதும் 100க்கு மேல் வந்தது, ஏசிஆரும் நார்மல். தைராய்டு கோளாறு இருந்தாலோ ஸ்டீராய்டு எடுத்தாலோ சிஸ்டாட்டின் சியும் மாறுமாம், அதையும் கேட்டுக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தார்.

*

தம்பி, என் வீட்டுக்காரருக்கு டெல்மிசார்டன் ஆரம்பித்த இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.3இலிருந்து 1.5 ஆனது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்று நாங்களே நிறுத்திவிட்டோம். எட்டு மாதம் கழித்து மாரடைப்பு. நிறுத்தியதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் சிறுநீரக மருத்துவர். ஆனால் வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தத்தை அந்த மாத்திரை குறைப்பதால் தொடக்கத்தில் 30 சதவீதம் வரை ஏறலாம், பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டு தொடர்ந்திருக்கலாம் என்றார். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே என்று இன்றுவரை மனசு ஆறவில்லை. ஏசிஆர் அவருக்கு இதுவரை எடுத்ததே இல்லை.

*

அக்கா, இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் சரியான பிறகு போங்கள். ஒருமுறை கூடுதலாக வந்தால் மறுபடியும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.