பாடநூல் வரிகள் கட்டுரையில் அப்படியே இருந்தால் என்ன செய்வது?

குறிஞ்சி: தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தாவரவியல் கட்டுரையைத் திருத்தப் போனால், ஒளிச்சேர்க்கையின் இருள்வினை (ஒளி நேரடியாகத் தேவைப்படாமல் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறும் கட்டம்) பற்றிய பத்திகள் மேல்நிலைப் பாடநூலில் இருப்பது போல வரிக்கு வரி இருக்கின்றன. சேர்த்தவர் புதியவர், பாடநூலைச் சான்றாகவும் காட்டியிருக்கிறார். அரசு போட்ட புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீக்கத்தான் வேண்டுமா, அங்கங்கே சொல்லை மாற்றினால் போதாதா?

தும்பி: நீக்கத்தான் வேண்டும். இலவசமாக இறக்கிப் படிக்கலாம் என்பதற்காக எடுத்து வெளியிடலாம் என்று ஆகாது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு நூலுக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. விக்கியில் சேர்ப்பதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போகிறது, அதை யாரும் அச்சடித்து விற்கவும் செய்யலாம். பிறர் எழுதிய வரிக்கு அந்த அனுமதியை நாம் கொடுக்க முடியாது. சான்று காட்டியது நல்லது, ஆனால் தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் அது உதவும்.

ஆற்றங்கரை: சொல்லை மட்டும் மாற்றுவதும் வேண்டாம். ‘நிகழ்கிறது’ என்பதை ‘நடைபெறுகிறது’ ஆக்கினாலும் வாக்கியமும் வரிசையும் புத்தகத்துடையவைதான். தகவல் யாருக்கும் சொந்தமில்லை, கலைச்சொற்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நூல்களைப் படித்து, மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். இந்தத் தலைப்பில் பாடநூல் வினைகளை அடுக்கிக்கொண்டு போகும், நீங்கள் சோதனையிலிருந்தே தொடங்கலாம்: இந்த வினைகளைக் கண்டறிந்த அமெரிக்க வேதியியலாளர் மெல்வின் கால்வின் குழுவினர் பாசிக்குக் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்து, சில நொடிகளிலேயே பாசியைச் சூடான ஆல்கஹாலில் விட்டு வினையை நிறுத்தினார்கள், அப்புறம் தாள் நிறப்பிரிகை (கலவையிலுள்ள சேர்மங்களைத் தாளில் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) மூலம் எந்தச் சேர்மத்தில் கதிரியக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1961-இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆய்வுக்குத்தான். இப்படித் தொடங்கினால் மாணவருக்கும் வேறொரு கோணம் கிடைக்கும்.

வெண்மேகம்: நீக்குமுன் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தை (யார் எப்போது எதைச் சேர்த்தார் என்ற பதிவு) பாருங்கள், சில சமயம் விக்கியிலிருந்து புத்தகத்துக்குப் போயிருக்கும். கட்டுரையில் அந்தப் பத்தி சேர்ந்த நாள் புத்தகம் வெளியானதற்கு முந்தியது என்றால் கதையே வேறு. நகல்தான் என்று உறுதியானால் பத்தியை எடுத்துவிட்டு, பழைய பதிப்புகளை மறைக்கச் சொல்லி நிருவாகிகளிடம் கேளுங்கள், இல்லையென்றால் வரலாற்றில் அப்படியே கிடக்கும். ஒரு விதியையோ வரையறையையோ சொல் மாறாமல் தர வேண்டியிருந்தால், மேற்கோள் குறிக்குள் ஒரு வரி போதும்.

அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் வெறும் எச்சரிக்கை வார்ப்புருவை (முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி) ஒட்டாதீர்கள். எந்தப் பத்தி, ஏன் எடுத்தோம் என்று எழுதி, அவரையே திரும்ப எழுதச் சொல்லுங்கள். அறிவியல் கட்டுரை எழுத வருகிறவர்களே குறைவு.

குறிஞ்சி: சரி, வரலாற்றைப் பார்த்தேன், புத்தகம்தான் முந்தியது. பத்திகளை எடுத்துவிட்டேன், அவருக்கும் எழுதியிருக்கிறேன்.