பழைய சிமெண்ட் பால் தரைக்கு ஸ்டெயின்: அன்னபேதி போதுமா, கடை ஆசிட் ஸ்டெயின் வேண்டுமா?

திண்ணைவீடு கேட்டது:

தரைத்தளத்தில் 12க்கு 14 அடி ஹால். சிமெண்ட் தரை, மேலே சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) விட்டுக் கரண்டியால் வழவழப்பாகத் தேய்த்தது. வயது 20க்கு மேல். ஆள் நடக்கும் தடம் மட்டும் வெளுத்து, மற்ற இடம் கறுத்துக் கிடக்கிறது. டைல்ஸ் ஒட்டினால் தரை ஒன்றரை இஞ்ச் ஏறும், மூன்று கதவையும் அடியில் அறுக்க வேண்டிவரும். அதனால் இருக்கிற தரையையே ஸ்டெயின் செய்து காவி கலந்த பழுப்புக்குக் கொண்டுவர எண்ணம்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு ஸ்டெயின் அடிக்கச் சொல்கிறார்கள். சரியா? உரக்கடையில் விற்கும் இரும்பு உப்பான அன்னபேதியே போதும் என்கிறார்களே, என்ன அளவு? மேலே எபாக்ஸி (பிசின் பூச்சு) போட்டுவிட்டால் கவலை விட்டதா?

இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுகிறேன். தெற்குச் சுவரோரம் மழைக்காலத்தில் லேசாக உப்பு பூக்கும். நடு ஹாலில் பைப் புதைக்க வெட்டி மறுபடி பூசிய 4 இஞ்ச் பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது.

---

சாந்துக்கரண்டி எழுதியது:

முதல் கேள்விக்கு உடனே பதில்: ஆசிட் ஊற்றாதீர்கள். பெயிண்ட் அடிக்கப்போகிறவர்கள் செய்யும் வேலை அது, ஸ்டெயினுக்கு நேர் எதிரி.

ஆசிட் ஸ்டெயின் என்பது சாயம் இல்லை. இரும்பு, மாங்கனீஸ், செம்பு இவற்றின் உப்புகளை லேசான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கரைத்த தண்ணீர். சிமெண்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு அந்த உப்பு வினைபுரிந்து அங்கேயே நிறமாக உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் முன்கூட்டியே ஆசிட் ஊற்றினால் அந்தச் சுண்ணாம்பைத்தான் முதலில் தின்னும். பிறகு ஸ்டெயின் பிடிக்க எதுவும் இருக்காது. கழுவும்போது காசு சாக்கடைக்குப் போகும்.

உங்கள் தரையில் வேறொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது நேரடி கான்கிரீட் தளம். நம்முடையது 1, 2 மில்லி கனத்துக்கு வெறும் சிமெண்ட் பால். இறுக்கமாகத் தேய்த்ததால் துளை கம்மி. இத்தனை வருடத்தில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மேல்பரப்புச் சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக்கியிருக்கும். அதுவும் போதாதென்று பினாயில், எண்ணெய், மெழுகு எல்லாம் ஊறியிருக்கும். எனவே எதையும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனை:

ஒன்று, தண்ணீர்ச் சொட்டு. தரையைக் கழுவிக் காயவிட்டு, நாலைந்து இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இழுத்துத் தரை கறுத்தால் நல்லது. முத்து முத்தாக நின்றால் எந்த ஸ்டெயினும் இறங்காது.

இரண்டு, ஃபினால்ஃப்தலீன், அதாவது காரம் பட்டால் ரோஸாகும் சோதனைத் திரவம். பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஈரப்படுத்திய தரையில் ஒரு சொட்டு. அடர்ந்த ரோஸ் வந்தால் மேலேயே சுண்ணாம்பு இருக்கிறது. நிறமே வராவிட்டால் மேல்தோல் செத்துவிட்டது, தேய்த்துத் திறக்க வேண்டும்.

மூன்று, பிளாஸ்டிக் ஷீட். ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழுநாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம். சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று ஒட்டுங்கள். சித்திரையில் பார்த்துச் சரியாக இருந்தால் கார்த்திகையிலும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

---

மயில்துத்தம் எழுதியது:

அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், தாராளமாக ஆகும். ஆனால் ஒரே நிறக் குடும்பம்தான்: மஞ்சள்காவியில் தொடங்கித் துருப்பழுப்பு வரை. அடர்ந்த காப்பி நிறம் வேண்டுமென்றால் மாங்கனீஸ் கலந்த கடை ஸ்டெயினுக்குத்தான் போக வேண்டும். நீலப்பச்சைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) உண்டு, ஆனால் கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ மீன் தொட்டிப் பக்கமோ போகக்கூடாது. என் பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

அளவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 120 கிராம். ஒரு லிட்டர் சுமார் 50 சதுர அடிக்கு ஒரு கை (ஒரு தடவைப் பூச்சு) வரும். உங்கள் 168 சதுர அடிக்கு ஒரு கைக்கு மூன்றரை லிட்டர், இரண்டு கைக்கு 7 லிட்டர். ஒரு கிலோ வாங்கினால் சோதனைக்கும் மிஞ்சும்.

வாங்கும்போது பாருங்கள்: இளம்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். பழுப்புப் பொடி படிந்த பழைய சரக்கு ஏற்கெனவே துருவாகிவிட்டது, தரைமேல் சேறாகத்தான் நிற்கும். பக்கத்திலேயே வெள்ளையாக ஜிங்க் சல்பேட் வைத்திருப்பார்கள், நுண்ணூட்டக் கலவை என்றும் பாக்கெட் இருக்கும். இரண்டுமே வேண்டாம்.

பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் கரையாத மணி ஒவ்வொன்றும் தரையில் ஒரு கரும்புள்ளி. கரைத்த அன்றே பயன்படுத்துங்கள், மறுநாள் வாளியிலேயே பழுப்பாகிவிடும்.

தூர மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். பூச்சிமருந்து கைத்தெளிப்பானில் பனிபோலத் தெளித்து, தெளித்த கையோடு ஈர நைலான் பிரஷால் 8 போடுவதுபோல் இழுங்கள். வழவழப்பான தரையில் திரவம் குளம் கட்டும். குளம் காய்ந்தால் விளிம்பில் தேநீர்க் கோப்பை வைத்த தடம் மாதிரி வளையம் விழும், அது பிறகு போகவே போகாது. இதேபோல் பாதி ஹாலில் நிறுத்திச் சாப்பிடப் போனால் நின்ற கோடும் நிரந்தரம். முனை ஈரமாக இருக்கும்போதே அடுத்த அடி சேர்ந்துவிட வேண்டும். ஒருவர் தெளிக்க ஒருவர் இழுத்தால் சுலபம்.

முதலில் பச்சை கலந்த சாம்பலாக, அழுக்குத் தண்ணீர் மாதிரி தெரியும். பயப்படாதீர்கள், காற்றுப் பட்டுத்தான் பழுப்பாகும். முழு நிறம் மறுநாள். அதைப் பார்த்த பிறகே இரண்டாவது கை. அன்றைக்கே வெளிறி இருக்கிறதென்று மேலே மேலே அடித்தவர்களின் தரைதான் செங்கல் சூளை மாதிரி ஆகிறது.

சுவரில் ஒரு அடி உயரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். கிரானைட் படி, மார்பிள், வெள்ளைச் சுவர் எதில் தெறித்தாலும் துருக்கறை.

---

ரெட்ஆக்சைடு_ரசிகன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? ரெட் ஆக்சைடு பொடியைச் சிமெண்டில் கலந்து பால் மாதிரிக் கரைத்து, இருக்கிற தரைமேல் ஒரு கை பூசி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பழைய காலத்துச் சிவப்புத் தரை வந்துவிடுமே.

---

சாந்துக்கரண்டி எழுதியது:

வராது சார். பழைய சிவப்புத் தரை நிற்பதற்குக் காரணம், அடிச்சாந்து பச்சையாக இருக்கும்போதே ஆக்சைடு கலந்த பூச்சை ஏற்றி ஒன்றாக இறுக விட்டதுதான். 20 வருடம் இறுகிய வழவழப்பான தரைமேல் ஒரு மில்லி சிமெண்ட் பால் பூசினால் காய்ந்து சுருங்கும்போதே விரியும். கட்டிலை இழுத்த அன்று அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். அதில் ஆக்சைடு சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இன்னும் பலவீனம்.

திண்ணைவீடு, ஆக்சைடு போடாவிட்டாலும் யாராவது அந்தத் தரையில் எண்ணெய் தேய்த்திருக்கிறார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எண்ணெய் குடித்த தரை ஸ்டெயினைக் குடிக்காது.

---

திண்ணைவீடு எழுதியது:

சோதனை முடிவு. தண்ணீர் நடுத்தடத்தில் மூன்று நிமிடத்தில் இழுத்தது, ஓரங்களில் கால் மணி நேரமும் நின்றது. ஃபினால்ஃப்தலீன் பைப் பட்டையில் மட்டும் நல்ல ரோஸ், மற்ற இடத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. ஷீட் நடுவில் காய்ந்திருந்தது, தெற்குச் சுவரோரம் வியர்த்திருந்தது. எண்ணெய் தேய்த்ததில்லை, மெழுகு பாலிஷ் போட்டதுண்டாம்.

ஃபினால்ஃப்தலீன் தீர்ந்துவிட்டது. மீதி இடத்தை மஞ்சளை வைத்துப் பார்க்கலாமா? சுண்ணாம்பு பட்டால் சிவக்குமே.

---

மயில்துத்தம் எழுதியது:

மஞ்சள் வேண்டாம். லேசான காரம் பட்டாலே அது சிவக்கத் தொடங்கிவிடும், செத்த மேல்தோலையும் உயிருள்ளதையும் பிரித்துக் காட்டாது. கறை வேறு மிச்சம்.

உங்கள் முடிவு தெளிவாகவே இருக்கிறது. மொசைக் பாலிஷ் மெஷின்காரரை அரைநாள் கூப்பிடுங்கள். 80 நம்பர் கல்லில் தண்ணீர் விட்டு ஒரு ஓட்டு, 120ல் ஒரு ஓட்டு, அவ்வளவுதான். மெழுகும் செத்த தோலும் போய்ச் சுண்ணாம்பு வெளியே வரும். அதற்குமேல் ஓட்டச் சொல்லாதீர்கள். பால் படலம் தேய்ந்து அடிமணல் தெரிந்தால் அந்த இடம் வேறு நிறம் பிடிக்கும். பளபளப்புக்காக 220, 400 என்று அவர் பழக்கத்தில் போய்விடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். அரைத்த பாலை ஈரத்தோடு வழித்துக் கழுவிவிட வேண்டும், காய விட்டால் திறந்த துளையை அதுவே அடைத்துவிடும். சுவரோரம் மெஷின் போகாத இரண்டு இஞ்ச் இருக்கும், அதை 80 நம்பர் எமரியால் கையில் தேயுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. மறுபடி சொட்டுச் சோதனை. எல்லா இடமும் ஒரே மாதிரி இழுத்தால் இரண்டு நாள் காயவிட்டு ஸ்டெயின்.

---

பிளிந்த்பீம் எழுதியது:

எபாக்ஸி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் ஹாலுக்கு வேண்டாம். எபாக்ஸி சவ்வு மாதிரி மூடிவிடும். தெற்குச் சுவரோரம் கீழிருந்து ஏறும் ஈரம் உப்பையும் தள்ளிக்கொண்டு வந்து அதற்கு அடியில் நிற்கும், முதல் மழைக்காலத்திலேயே கொப்புளம். ஜன்னல் வெயில் படும் இடத்தில் மஞ்சளடிப்பது தனி. அக்ரிலிக் சீலரும் (தரையை மூடும் தெளிந்த மேற்பூச்சு) அந்த ஓரத்தில் வெள்ளைப் புகையாகப் படரும்.

முதலில் வெளிப்பக்கம் பாருங்கள். தெற்குச் சுவருக்கு வெளியே மண் மட்டம் தரை மட்டத்துக்கு ஏறியிருக்கிறதா, கூரைத் தண்ணீர் அங்கே கொட்டுகிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே எதைப் பூசியும் பயனில்லை. பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

மேற்பூச்சுக்கு ஹால் முழுவதும் மெழுகு பேஸ்ட் போதும், ஈரம் வெளியேற வழிவிடும். மெல்லிசாகத் தேய்த்து, மங்கியதும் துணியால் பளபளக்க விடுங்கள். கனமாகப் போட்டால் வழுக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை மறுகை போட வேண்டிவரும், தண்ணீர் தேங்கினால் தடம் விழும். நடு ஹாலில் மட்டும் அக்ரிலிக் என்றால் சால்வென்ட் வகை, லிட்டருக்கு 60 சதுர அடி, இரண்டு மெல்லிய கை. வெயில் ஏறியபின் அடித்தால் குமிழ் விடும், காலையில் முடியுங்கள். அக்ரிலிக் முதலில், மெழுகு அப்புறம். மெழுகு பட்ட தரையில் வேறெதுவும் ஒட்டாது.

அன்னபேதி அடித்த மறுநாள் தளர்ந்த பழுப்புப் பொடியைக் கழுவி எடுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை. ஒருவேளை கடை ஆசிட் ஸ்டெயினுக்கு மாறினால், கழுவும் முதல் தண்ணீரில் லிட்டருக்கு 25 கிராம் சமையல் சோடா போட வேண்டும், நுரைப்பது நிற்கும்வரை. அந்த அறையில் பிளீச்சிங் பவுடர் எந்த உருவத்திலும் இருக்கக்கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். தை முடிந்து தரை நன்றாகக் காயட்டும்.

---

திண்ணைவீடு எழுதியது:

புரிந்தது, மாசியில் வைத்துக்கொள்கிறேன். அந்த 4 இஞ்ச் பட்டை?

---

சாந்துக்கரண்டி எழுதியது:

அது மறையாது. பட்டையில் சுண்ணாம்பு புதிது, அதனால் நிறம் அடர்த்தியாகப் பிடிக்கும். ஒரே மாதிரி ஆக்கப் பார்த்து லிட்டருக்கு 60 கிராம் என்று நீர்த்துப் பட்டையில் அடித்துப் பார்க்கலாம், ஓரளவுக்கு நெருங்கும். அதைவிட, கிரைண்டரில் 3 மில்லி ஆழத்துக்குப் பட்டையின் இரு விளிம்பிலும் கோடு இழுத்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு கை கூடுதலாக அடித்து அதை ஒரு அடர்ந்த பார்டராக்கிவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே அகலத்துக்கு இன்னொரு பட்டை இழுத்தால் யாரும் பைப் என்று கேட்கமாட்டார்கள். கோடு இழுக்கும் வேலையைப் பாலிஷ் மெஷின் ஓட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், தூசி அந்தக் கழுவலோடு போய்விடும்.

இன்னொன்று: சோதனைக்கு ஸ்டெயினைப் பைப் பட்டையின் மேல் ஒரு சிறு இடத்திலும், அதற்கு வெளியே ஒரு சிறு இடத்திலும் போட்டு, மெழுகும் தேய்த்துப் பாருங்கள். தரை நனைந்திருக்கும்போது தெரிகிற நிறம்தான் மெழுகு போட்டபின் நிற்கும் நிறம்.