ஷிகோகு கோட்டைகள்: அம்மாவுடன் ஏற முடியுமா?

நண்பர்களே, ஜப்பானில் ஷிகோகு தீவுக்குப் போய்வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பழைய மரக் கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் ஜப்பான் முழுக்க 12தான். மற்றவை பெரும்பாலும் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவை. அந்த 12இல் நான்கு ஷிகோகுவில்: மட்சுயாமா, உவாஜிமா, மருகாமே, கோச்சி. நான்குமே அரசின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் உள்ளவை. என் ஆசை கோச்சி மேல். 1727 தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்து, 1749இல் கோபுரம் மீண்டும் எழுந்தது. கோபுரமும் பக்கத்து அரண்மனையும் சேர்ந்தே மிஞ்சியிருப்பது அங்கு மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், கூட வரும் அம்மாவுக்கு மூட்டுவலி. உள்ளே மரப்படிகள் ஏணி மாதிரி செங்குத்து, காலணியையும் கழற்ற வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம், லிஃப்ட் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மட்சுயாமாவில் மலைமேல் போக ரோப்வே இருக்கிறது, சரி. மற்ற மூன்றிலும் அடிவாரத்திலிருந்து கோபுர வாசல் வரை ஏற்றம் எப்படி? டாக்சி எதுவரை போகும்? கோச்சி அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு அம்மா கீழ்த்தளத்திலேயே உட்கார இடம் உண்டா?

அப்புறம், மட்சுயாமாவில் தோகோ வெந்நீர்க் குளியல் மாளிகையும் திட்டத்தில் இருக்கிறது. 1894இல் கட்டிய மரக்கட்டடம், பழுதுபார்ப்பு முடிந்து 2024இல் முழுதாகத் திறந்துவிட்டார்கள். அங்கேயும் படிகள் எப்படி என்று தெரிந்தவர்கள் சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன்.