மில் பெண்களுக்கான பயிற்சி: முதலில் சட்டமா, சங்கமா? (நான்கு பேரின் விவாதம்)

குறுக்குக்கேள்வி:
திண்டுக்கல் பக்கம் மில்லிலும் கார்மெண்ட்ஸிலும் வேலை செய்யும் 18 முதல் 25 வயதுப் பெண்களைப் பெண்ணுரிமைப் பணிக்கு எப்படித் தயார் செய்வது என்பதுதான் கேள்வி. மூன்று நாள் முகாம் என்றால் முதல் நாளே சட்டத்தில் தொடங்க வேண்டும் என்கிறேன். 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இதெல்லாம் தெரியாமல் போகிறவள் எவ்வளவு துணிச்சல்காரியாக இருந்தாலும் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அறை வாசலிலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் முழுக்கப் புகார் எழுதும் பயிற்சி. "சூப்பர்வைசர் தப்பாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. "12-ம் தேதி, இரண்டாம் ஷிஃப்ட், மாலை ஆறு மணி சுமாருக்கு, 4-ம் லைன் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தார். 'இன்னைக்கு ஓ.டி. இரு, நானே கொண்டுபோய் விடறேன்' என்றார். பக்கத்து மெஷினில் இருந்தவர் பார்த்தார்." இப்படி வர வேண்டும். ஆறு நகல், சாட்சிகளின் பெயர், முகவரி. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு.

செம்மண்:
இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ராஜஸ்தானில் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. அரசு சொல்லிக்கொடுத்தபடியே குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். 1992-ல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. அவருக்குப் பயிற்சி இருந்தது, என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. ஊரில் அவர் பின்னால் நிற்க யாரும் இல்லை என்பதுதான் விஷயம். இன்றைக்கும் முகாமுக்கு வரும் பெண்ணிடம் "உன் உரிமையைக் கேள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம். ஹாஸ்டலில் இருப்பவளுக்கு வேலை போனால் அன்றிரவே தங்க இடமும் போய்விடும். முதலில் சங்கம், அதற்குப் பிறகுதான் சட்டப் பாடம்.

குறுக்குக்கேள்வி:
அந்தக் கொடுமைக்குப் பிறகு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 1997 விசாகா வழிகாட்டுதல்கள் கிடைத்தன; 2013 சட்டத்துக்கு அடிப்படையும் அதுதான். சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் வாங்கிக் கொடுத்தது அது. சங்கம் வரட்டும் என்று காத்திருந்தால் புகார் கொடுக்கும் மூன்று மாதம் கரைந்துவிடும். எழுத்துபூர்வமான காரணத்தோடு குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். "பேசிப் பார்க்கலாம், பொறு" என்ற பேச்சிலேயே அந்த நாள்கள் போகின்றன.

வேடசந்தூர்க்காரி:
இரண்டு பேருமே முகாம் என்று பேசுகிறீர்கள். 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஜனவரியில் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் பேசி வாங்கியது அது. ஆடை தயாரிக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், அதை வாங்கும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் கட்டுப்பட்டன. அதில் 25 தொழிலாளர்களுக்கு ஒரு கண்காணிப்பாளர்; சூப்பர்வைசர் இல்லை, துன்புறுத்தல் நடக்கிறதா என்று கவனிப்பவர், தொழிலாளிகளிலிருந்தே. 500 பேர் இருக்கும் யூனிட் என்றால் 20 பேர். எல்லோரும் ஒரே ஷிஃப்டாகவோ ஒரே செக்ஷனாகவோ இருந்தால் பயனில்லை. டெய்லர், செக்கர், ஹெல்பர், ஹவுஸ்கீப்பிங் எல்லாவற்றிலிருந்தும் வேண்டும்.

முகாம் முடிந்த பிறகு மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் உட்காருங்கள். அந்த மாதம் லைனில் நடந்ததையே பாடமாக எடுங்கள். ஆள் பெயரையும் லைன் நம்பரையும் சொல்லக் கூடாது. டார்கெட் முடியாததற்குத் திட்டுவது, பாத்ரூம் போக டோக்கன் கேட்பது, ஜாதியைச் சொல்லி ஏசுவது என்று சின்னதாகத் தெரிவதில் தொடங்கினால்தான் பெரியது வரும்போது வாய் திறக்கும். பயிற்சி பெற்றவர்களில் சிலர் கல்யாணம் ஆகியோ வேறு மில்லுக்கோ போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொருவரோடும் இன்னொருத்தியை முதல் நாளிலிருந்தே ஜோடியாகப் பழக்க வேண்டும். ஒருத்தியை மட்டும் நட்சத்திரமாக்கினால் நிர்வாகம் அவளை மட்டும் ஷிஃப்ட் மாற்றும், வேலை முடிந்தது.

நூற்கண்டு:
சங்கம் என்றதும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறீர்கள். பெண்கள் தலைமையில் இருக்கும் சங்கங்கள் எத்தனை? சங்கப் பொறுப்பாளர் மீதே புகார் வந்தால் அந்தக் கண்காணிப்பாளர் யாரிடம் போவாள்? பயிற்சி கொடுப்பதும் புகார் வாங்குவதும் ஒரே கையில் இருக்கக் கூடாது. சுதந்திரமான பெண்கள் அமைப்புதான் பயிற்சி தர வேண்டும். இரண்டாவது, பயிற்சியில் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்றை யாரும் தொடவில்லை: ரகசியம். புகாரின் விவரத்தையோ பெண்ணின் அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நல்ல எண்ணத்தில் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ் அன்று மாலையே அவள் ஊருக்குப் போய்விடும். வீட்டார் வந்து கூட்டிப் போய்விடுவார்கள், புகார் கொடுக்க ஆள் இருக்காது.

செம்மண்:
ரகசியம் சரி. ஆனால் பயிற்சி தந்த அமைப்பு திட்டக் காலம் முடிந்ததும் கிளம்பிவிடும், சங்கம் அங்கேயே இருக்கும். பொறுப்பாளர் மேல் புகார் வந்தால் சங்கத்துக்கு வெளியே இருக்கும் பெண்களைக் கொண்டு விசாரிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைக்கலாம். அதற்காகச் சங்கத்தையே தள்ளி வைக்க முடியாது.

குறுக்குக்கேள்வி:
ஞாயிறு கூட்டம் எனக்கும் சம்மதம், ஆனால் முதல் கூட்டத்திலேயே சமரசம் பற்றிய விதியைச் சொல்லிவிடுங்கள். பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டும்தான் குழு சமரசத்துக்குப் போகலாம், பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் கூடாது. மில் வட்டாரத்தில் பாதிப் புகார்கள் பஞ்சாயத்தில்தான் சாகின்றன: யாரோ ஒரு மாமா வந்து "பத்தாயிரம் வாங்கிக்க, பொண்ணு பேரு கெட்டுடும்" என்பார். அந்த இடத்தில் "அவங்க சமரசம் கேட்கலைங்க, எழுத்துல விசாரணைதான் கேட்டிருக்காங்க" என்று குரல் நடுங்காமல் சொல்ல 20 பேரும் நடித்துப் பழக வேண்டும். ஒருவர் மாமா, ஒருவர் எச்.ஆர்., ஒருவர் அம்மா. அம்மா வேஷம்தான் கஷ்டம், அதற்கு நேரம் கூட ஒதுக்குங்கள்.

வேடசந்தூர்க்காரி:
அதோடு முதலாளி மேலேயே புகார் என்றால் உள்ளகக் குழுவிடம் இல்லை, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். எழுதத் தெரியாதவளுக்கு எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது குழுவின் கடமை. "எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

நூற்கண்டு:
நோட்டு ஹாஸ்டல் பெட்டியில் இருக்கக் கூடாது. வார்டன் திறப்பார்.